அடுத்து எந்தத் துப்பாக்கி? கையில் காசு அளவாக உள்ள போட்டிச் சுடுநருக்கு

கிளப் துப்பாக்கியில் சில மாதம் சுட்டாயிற்று, அல்லது உள்நாட்டு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று கையில் இருக்கிறது. அடுத்ததை வாங்க வேண்டும், ஆனால் பணம் ஒரு முறைதான் கிடைக்கும். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. இந்தியாவில், போட்டிக்காகத் துப்பாக்கி சுடுபவர்களை மட்டும் மனதில் வைத்திருக்கிறேன். தற்காப்புக்கு வாங்குவது வேறு விஷயம், அது இங்கே வராது.

துப்பாக்கியின் விலையை எல்லோரும் விசாரிப்பார்கள். பெல்லட் (ஏர் துப்பாக்கிக் குண்டு), தோட்டாச் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. உரிமம் வேண்டிய துப்பாக்கி என்றால் அதற்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் வைப்பதில்லை. பணம் மாட்டிக்கொள்வது இந்த இரண்டில்தான்.

1. முதலில் போட்டிப் பிரிவை முடிவு செய்யுங்கள், துப்பாக்கியை அல்ல

கடைக்குப் போய்விட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் கடைக்காரரிடம் இருக்கும் சரக்குதான் உங்கள் பிரிவாகும். புதியவருக்கு நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல், .22 அங்குலத் தோட்டா சுடும் பிரிவுகள் (50 மீட்டர் ரைஃபிள், 25 மீட்டர் பிஸ்டல்), பறக்கும் களிமண் தட்டைச் சுடும் 12 போர் ஷாட்கன் பிரிவுகள் (டிராப், ஸ்கீட்).

வாங்கும் துப்பாக்கி போட்டி விதிக்குள் அடங்க வேண்டும். உலகத் துப்பாக்கி சுடுதல் அமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதிப்படி ஏர் பிஸ்டலின் எடை 1.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. டிரிகரை இழுக்க வேண்டிய எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஏர் ரைஃபிள் 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு 1.4 கிலோ, டிரிகர் 1000 கிராம், பெட்டி 300 × 150 × 50 மி.மீ. பார்க்க அழகாக இருக்கும், கையிலும் நன்றாக உட்காரும், ஆனால் பெட்டிக்குள் அடங்காது என்ற வகைப் பிஸ்டல்கள் சந்தையில் நிறைய. போட்டி நாளில் உபகரணச் சோதனை மேசையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

பல மாநிலங்களில் ஓப்பன் சைட் (பின்னால் திறந்த வெட்டு உள்ள குறிகாட்டி) ஏர் ரைஃபிளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கையில் இருப்பது ஓப்பன் சைட் என்றால், அடுத்ததை வாங்கும் முன் அந்தப் பிரிவில் ஒரு சீசன் சுடுங்கள். பீப் சைட் (சிறு துளை வழியே குறி பார்ப்பது) ரைஃபிளுக்கு மாறலாமா வேண்டாமா என்பதை உங்கள் ஸ்கோர் தாளே சொல்லிவிடும்.

2. உரிமம் வேண்டுமா? 20 ஜூல், 4.5 மி.மீ.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு (0.177 அங்குலம்) மேல் போகாத, குழலைவிட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். இங்கேதான் முதல் பொறி. 5.5 மி.மீ. குழல் கொண்ட ஏர் ரைஃபிளை, "சும்மா ஏர்கன்தானே" என்று பழையது விற்பவர்கள் தள்ளிவிடுவார்கள். அது எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் விட்டத்தாலேயே உரிமம் கேட்கும். போட்டிக்கும் அது உதவாது, எல்லா 10 மீட்டர் பிரிவும் 4.5 மி.மீ. தான்.

இரண்டாவது பொறி, "பவர் ஏற்றித் தருகிறேன்" என்பவர்கள். 10 மீட்டருக்கு அந்தப் பவர் எதற்கும் ஆகாது. 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டரில் போனால் ஆற்றல் சுமார் 8 ஜூல். பிஸ்டலில் 0.5 கிராம், நொடிக்கு 150 மீட்டர் என்றால் 6 ஜூலுக்கும் கீழே. பதக்கம் வாங்கும் துப்பாக்கிகள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான். கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டு 20 ஜூலைத் தாண்டினால், வாங்கும்போது உரிமம் வேண்டாத பொருள் உங்கள் கையிலேயே உரிமமில்லா ஆயுதமாகிவிடும். அதிர்வு கூடிக் குறியும் கெடும்.

உரிமம் வேண்டாம் என்பதால் காகிதமே வேண்டாம் என்று இல்லை. டீலர்கள் பான் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், குற்ற வழக்கு இல்லை என்ற உறுதிமொழி கேட்பார்கள். கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பில்லில் தொடர் எண் (சீரியல் நம்பர்), மாடல், குழல் விட்டம் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஏர் ரைஃபிள் - 1" என்று மட்டும் எழுதிய பில்லை ரயில் நிலையத்தில் காவலர் கேட்கும்போது நீட்டிப் பாருங்கள், அதன் மதிப்பு தெரியும்.

3. ஒரு வருடச் செலவை எழுதுங்கள், துப்பாக்கி விலை கடைசி வரியாக இருக்கட்டும்

ஒரு தாளை எடுத்து எண்ணிக்கையை மட்டும் முதலில் போடுங்கள். ரூபாயைப் பிறகு உங்கள் ஊர் டீலரிடம் கேட்டு நிரப்பலாம்.

ஏர் பிரிவு: ஒரு நாளைக்கு 80 குண்டு, வாரம் 4 நாள், வருடத்துக்கு 48 வாரம். மொத்தம் 15,360 பெல்லட். ஒரு டப்பாவில் 500 இருந்தால் 31 டப்பா. இதில் எல்லாமே விலையுயர்ந்த மேட்ச் பெல்லட்டாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு நடுத்தர ரகம் 24 டப்பா, போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கும் நல்ல ரகம் 7 டப்பா என்று பிரித்தாலே கணிசமாக மிஞ்சும்.

.22: ஒரு நாளைக்கு 60 தோட்டா, வாரம் 3 நாள், 48 வாரம். 8,640 தோட்டா, 50 அடைத்த பெட்டி 173. ஏர் பெல்லட்டும் .22 தோட்டாவும் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்று விலையைப் போட்டுப் பாருங்கள். பலர் .22 ஆசையை இந்த வரியிலேயே அடுத்த வருடத்துக்கு ஒத்திவைப்பார்கள். தவறில்லை.

டிராப்: வாரம் 4 ரவுண்டு, ரவுண்டுக்கு 25 தட்டு. வருடத்துக்கு 4,800 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம், சராசரி ஒன்றரை என்று வைத்தால் 7,200 தோட்டா. பழைய இரட்டைக்குழல் மலிவாகக் கிடைத்தது என்று ஷாட்கன் பக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். சிறிய பட்ஜெட்டில் டிராப் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. கிளப் துப்பாக்கியும் கிளப் தோட்டாவும் கிடைத்தால் அது வேறு கதை.

இவற்றோடு ரேஞ்ச் கட்டணம், மாநில சங்க உறுப்பினர் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்குமிடம் சேருங்கள். மாவட்டம், மாநிலம், தென் மண்டலம் என்று போனால் பயணச் செலவு பெல்லட் செலவை எட்டிப் பிடிக்கும்.

இப்போது பிரிப்பது எளிது. கையில் 2,00,000 ரூபாய் இருக்கிறது என்றால் துப்பாக்கிக்கு 1,20,000-க்கு மேல் போகாதீர்கள். மீதி 80,000 ஒரு வருடப் பெல்லட்டுக்கும் பயணத்துக்கும் உபகரணத்துக்கும். முழுப் பணத்தையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு வாரத்துக்கு 40 குண்டு எண்ணி எண்ணிச் சுடுபவரைவிட, பாதி விலைத் துப்பாக்கியில் தினமும் 80 சுடுபவர் ஆறு மாதத்தில் முன்னே போய்விடுவார்.

இந்தத் தாளைப் போட்டபின் "அடுத்த துப்பாக்கி வேண்டாம், இப்போதைக்கு 20 டப்பா பெல்லட்டும் ஒரு பயிற்சியாளரும் போதும்" என்ற விடை வந்தால் அதையும் மதியுங்கள். கிளப் பிஸ்டலில் 600-க்கு 530 தாண்டாதவருக்குத் துப்பாக்கி தடையாக இருப்பது அரிது.

4. ரைஃபிளா, பிஸ்டலா: உடுப்புச் செலவை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி

ஏர் ரைஃபிள் என்றால் துப்பாக்கியோடு முடியாது. கெட்டி ஜாக்கெட், பேன்ட், தட்டை அடிப்பாகம் உள்ள ஷூ, கையுறை எல்லாம் வேண்டும். ஜாக்கெட் துணியின் தடிமன் ஒற்றை மடிப்பில் 2.5 மி.மீ. தாண்டக்கூடாது, விறைப்பையும் கருவி வைத்துச் சோதிப்பார்கள். பழைய ஜாக்கெட் மலிவு என்று வாங்கினால் இரண்டு விதத்தில் அடி விழும். ஒருவர் உடம்புக்கு வெட்டியது இன்னொருவருக்குத் தோளில் தொங்கும். வியர்வையில் ஊறிக் காய்ந்து விறைத்துப்போன கேன்வாஸ் சோதனையில் தோற்றும் போகலாம்.

பிஸ்டலுக்கு உடுப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தட்டையான ஷூ, ஒரு கண்ணை மறைக்கும் தட்டு, காது அடைப்பான். கண்ணாடி போடுபவர் என்றால் முன் சைட் தெளிவாகத் தெரியும்படி ஒரு லென்ஸ். சின்ன பட்ஜெட்டுக்கு பிஸ்டல்தான் தோது. ஆனால் ஏர் ரைஃபிளில், புள்ளியைத் தசமத்தில் கணக்கிடும் முறையில், ஏற்கெனவே 600-க்கு மேல் சுடும் ஒருவர் செலவைக் காட்டி பிஸ்டலுக்குத் தாவக்கூடாது. இரண்டும் வேறு வேறு விளையாட்டு. ஏர் ரைஃபிளின் பத்து வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி, ஏர் பிஸ்டலுடையது 11.5 மி.மீ.

ஆரம்ப நிலை மேட்ச் துப்பாக்கி வேண்டுமானால் ஹேமர்லி ஏஆர்20 ரைஃபிள், ஏபி20 பிஸ்டல் போன்றவை மேல்நிலை மாடல்களைவிட மிகவும் மலிவு. வால்தர் எல்ஜி400, ஃபைன்வெர்க்பாவ் 800, ஸ்டெயர், மொரினி சிஎம் 162 வகைகள் அடுத்த படி. உள்நாட்டில் பிரெசிஹோல் நிறுவனத்தின் ஸ்பிரிங் ரைஃபிள்கள் ஓப்பன் சைட்டில் கற்றுக்கொள்பவருக்குப் போதும். ஸ்பிரிங் துப்பாக்கியில் சுடும் கணத்தில் பிஸ்டன் முன்னே பாய்ந்து துப்பாக்கியை உதைக்கும், அதனால் பிடி ஒரே மாதிரி இல்லாவிட்டால் குண்டு சிதறும். அழுத்திய காற்றை நிரப்பிய சிலிண்டர் கொண்டவற்றில் அந்த உதை இல்லை. ஸ்பிரிங்கிலிருந்து சிலிண்டருக்கு மாறுவதுதான் ஸ்கோரில் கண்கூடாகத் தெரியும் மாற்றம். சிலிண்டர் துப்பாக்கியிலிருந்து விலை கூடிய இன்னொரு சிலிண்டர் துப்பாக்கிக்கு மாறுவது பெரும்பாலும் மனத் திருப்திதான்.

5. புதிதா, பழையதா: பழையதை எப்படிப் பரிசோதிப்பது

பட்ஜெட் குறைவு என்றால் பெரும்பாலும் பழையதுதான். விளையாட்டை நிறுத்தியவர்கள், மேல் மாடலுக்குப் போனவர்கள் விற்பார்கள். நல்ல பேரம், ஆனால் போனில் படம் பார்த்து முடிக்கக் கூடாத பேரம். ரேஞ்சில் வைத்து, ஒரு முழு மாலை நேரம் ஒதுக்கி, இந்த வரிசையில் பாருங்கள்.

சிலிண்டர் தேதி. சிலிண்டரின் உடலில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பல ஐரோப்பிய நிறுவனங்கள் அந்தத் தேதியிலிருந்து 10 ஆண்டுதான் பயன்படுத்தச் சொல்கின்றன. சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுநரின் பொறுப்பு என்று போட்டி விதி சொல்கிறது. எட்டு வருடப் பழைய துப்பாக்கியை "சிலிண்டர் இரண்டு இருக்கு" என்று விற்பார்கள். இரண்டும் ஒரே தேதியில் வந்தவை, இரண்டு வருடத்தில் இரண்டும் மாற்ற வேண்டியவை. புது சிலிண்டர் விலையைக் கேட்டு, அதைப் பேரத்தில் கழியுங்கள்.

கசிவு. சிலிண்டரை 200 பார் (மாடல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு) நிரப்பி, சூடு ஆறும்வரை அரை மணி விட்டு, மேனோமீட்டர் (அழுத்தமானி) முள்ளைப் படம் எடுங்கள். துப்பாக்கியோடு மாட்டி 24 மணி நேரம் வைத்து, அதே நேரத்தில், அதே அறையில் மறுபடி படம் எடுங்கள். முள் இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. ஓ-ரிங் சில்லறைச் செலவு, ஆனால் சிலிண்டர் வால்வா, ரெகுலேட்டரா (ஒவ்வொரு குண்டுக்கும் போகும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்), எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் ஆள் உங்கள் ஊரில் உண்டா என்பதுதான் கேள்வி. சிலிண்டரைக் கழற்றித் தனியே தண்ணீரில் முக்கிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்: குமிழி வந்தால் சிலிண்டர், வராவிட்டால் துப்பாக்கி. துடைத்து நன்றாகக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள்.

வேகம். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இரவல் கிடைத்தால் ஒரே ரகப் பெல்லட்டில் 10 குண்டு சுடுங்கள். மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் இடையே நொடிக்கு 2-3 மீட்டர் என்றால் நன்று. 5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். முதல் குண்டு மட்டும் வேகம் கூடி, பிறகு சமமாகிவிட்டால் அதுவும் ரெகுலேட்டர்தான். ஓய்வில் இருக்கும்போது அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று பொருள்.

குழுமம். முழங்கையையும் துப்பாக்கியையும் மேசைமேல் மணல் பையில் தாங்கி, 10 மீட்டரில் ஐந்து குண்டு. மேட்ச் துப்பாக்கி என்றால் ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாகத் தெரிய வேண்டும். சிதறினால் உடனே குழலைக் குறை சொல்லாதீர்கள். பெல்லட்டின் தலை அளவை மாற்றிப் பாருங்கள்: 4.49, 4.50, 4.51. சில குழல்கள் ஒரு அளவை மட்டும் விரும்பும். மூன்றிலும் சிதறினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

டிரிகர். பிஸ்டல் என்றால் 500 கிராம் எடைக் கல்லைக் கையோடு கொண்டுபோங்கள். குழல் செங்குத்தாக மேலே பார்க்க, டிரிகரில் எடையைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்குங்கள். டிரிகர் விழாமல் எடை எழும்ப வேண்டும். விழுந்தால், திருகைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள். முடியாவிட்டால் தேய்ந்துபோன செட் அது.

கிரிப். பிஸ்டல் கிரிப்பில் வலது கை, இடது கை வேறுபாடும், எஸ், எம், எல் என்ற அளவும் உண்டு. பழைய பிஸ்டலில் முந்தைய உரிமையாளர் தன் கைக்கு ஏற்ப ராவி, புட்டி பூசி வைத்திருப்பார். உள்ளங்கைத் தாங்கியைத் தளர்த்தி, கண்ணை மூடிப் பிஸ்டலைப் பிடித்து உயர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட்டும் பின் சைட்டும் ஏறத்தாழ நேராக நின்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் புது கிரிப் விலையையும் கணக்கில் சேருங்கள். இடதுகைக்காரர்கள் "மாற்றிக்கலாம் சார்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

எல்லாம் சரி என்றால், பொறித்த தொடர் எண்ணையும் மூல பில்லையும் ஒப்பிடுங்கள். பில் இல்லாத துப்பாக்கி, விலை எவ்வளவு இறங்கினாலும், வேண்டாம். விற்பவரிடம் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதமும் அடையாள நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். இறக்குமதிச் சலுகையில் ஒருவர் தன் பெயரில் கொண்டுவந்த துப்பாக்கி என்றால், அதை விற்க அவருக்கு இருக்கும் நிபந்தனைகள் தீர்ந்துவிட்டனவா என்று காகிதத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. .22 அல்லது ஷாட்கன் என்றால்: உரிமத்தில் இருக்கும் இடம் துப்பாக்கியைவிட அரிது

1959 ஆயுதச் சட்டத்தில் 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. குடும்பச் சொத்தாக வந்ததும் இந்த இரண்டில் சேரும். தாத்தாவின் 12 போர் ஒற்றைக்குழல் உங்கள் பெயருக்கு மாறி, உறைபோட்டு பீரோவில் கிடக்கிறது என்றால், இரண்டு இடத்தில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. சுடாத துப்பாக்கிக்கு அந்த இடம் வேண்டுமா என்று வீட்டில் பேசி முடியுங்கள். உரிமத்தில் அது எழுதப்பட்டிருக்கும்வரை இடம் காலியாகாது, விற்று நீக்கினால்தான் ஆகும்.

விளையாட்டுக்காரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2020 பிப்ரவரி அறிவிக்கையின்படி 'ஆஸ்பயரிங் ஷூட்டர்', 'ஜூனியர் டார்கெட் ஷூட்டர்' தகுதி உள்ளவர்கள், எல்லோருக்கும் உள்ள அந்த இரண்டு போக, தங்கள் பிரிவுக்கான இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சர்வதேசப் பதக்கம் வென்றவர்களுக்கும் 'ரினௌண்டு ஷூட்டர்'களுக்கும் ஒரு போட்டிப் பிரிவுக்கு 8, இரண்டுக்கு 10, அதற்கு மேல் 12. இந்தத் தகுதி வாய்ச்சொல்லில் வராது. தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.ஐ. நிர்ணயிக்கும் தகுதி ஸ்கோரை, அதன் விதிப்படி நடக்கும் போட்டியில் சுட்டிருக்க வேண்டும். ஆகவே .22 ஆசை உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது கிளப் .22-வில் தகுதி ஸ்கோர் சுடுவது. உரிம மனு அதற்குப் பிறகு வலுவாக நிற்கும்.

மனு போடும் வழி இப்படி:

உரிமம் வழங்குபவர் மாவட்டத்தில் கலெக்டர், சென்னை போன்ற பெருநகரத்தில் காவல் ஆணையர். உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். என்.டி.ஏ.எல். - ஏ.எல்.ஐ.எஸ். என்ற அரசு இணையதளத்தில் ஏ-1 படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உரிமம் கிடைத்தால் தனி அடையாள எண் ஒன்று வரும், அது வாழ்நாள் முழுதும் ஒருவருக்கு ஒன்றே.

கோப்பில் வைக்க வேண்டியவை: புகைப்படங்கள், அடையாளம், பிறந்த தேதி, முகவரிச் சான்றுகள், எஸ்-3 மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி. இவற்றோடு விளையாட்டுக்காரர் சேர்க்க வேண்டியது மாநில சங்கப் பரிந்துரைக் கடிதம், ரேஞ்ச் உறுப்பினர் அட்டை, போட்டிச் சான்றிதழ், ஸ்கோர் தாள். எந்தத் துப்பாக்கி, எந்தப் பிரிவுக்கு, ஏன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கோப்பின் மேலே வையுங்கள். "விளையாட்டுக்காக" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களின் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

விதிப்படி காவல் துறை அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்தபின் 60 நாளில் முடிவு. காகிதத்தில் மூன்று மாதம். நடைமுறையில் இதைவிட நீளும் என்று வைத்துக்கொண்டே சீசனைத் திட்டமிடுங்கள். தாமதத்துக்கான காரணங்களில் முதலிடம் முகவரிக்கு. ஆதாரில் பழைய ஊர், வாடகை வீடு வேறு, ரேஞ்ச் இருக்கும் ஊர் இன்னொன்று என்றால் விசாரணை இரண்டு காவல் நிலையங்களுக்கு இடையே அலையும். முகவரியை முதலில் திருத்திவிட்டு மனுப் போடுங்கள். இன்னொன்று, பழைய வழக்கு எதுவாக இருந்தாலும், முடிந்துபோன சின்னத் தகராறாக இருந்தாலும், மறைக்காமல் எழுதுங்கள். காவல் பதிவில் அது வெளிவரும், வழக்கைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 14-ஆம் பிரிவின்படி காரணம் பதிவாக வேண்டும், பொதுநலன் தடுக்காவிட்டால் அதன் சுருக்கத்தை உங்களுக்குத் தரவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கு 18-ஆம் பிரிவு. உடனே போய்விடுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

கையில் உரிமம் வந்ததும் துப்பாக்கி வாங்க ஓடாமல் நான்கு இடத்தைப் படியுங்கள்: துப்பாக்கி வகை (ரைஃபிள் என்று எழுதியிருந்தால் பிஸ்டல் வாங்க முடியாது), செல்லுபடியாகும் பகுதி (மாநிலம் மட்டுமா, இந்தியா முழுவதுமா), வாங்குவதற்கான கெடு, தோட்டா எண்ணிக்கை. கடைசியில் இரண்டு எண் இருக்கும்: ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது, ஒரு வருடத்தில் வாங்கக்கூடியது. மூன்றாம் படியில் போட்ட 8,640-ஐ இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் துப்பாக்கி இருக்கும், சுடத் தோட்டா இருக்காது. விளையாட்டுக்கான அளவைக் கேட்டு மனுவிலேயே எழுதியிருந்தால் இந்த நிலை வராது. தென் மண்டலப் போட்டி வெளிமாநிலத்தில் நடக்கும் என்பதால் பகுதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க மனுப் போடுங்கள். அந்தத் தேதியைக் கைப்பேசியில் இன்றே குறித்துவிடுங்கள்.

7. உரிமத் துப்பாக்கியைத் தனிநபரிடம் வாங்கினால் 45 நாள்

உரிமம் உள்ள ஒருவர் உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் 5-ஆம் பிரிவின்படி, விற்கப்போகிறேன் என்று விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்தபிறகே கைமாற வேண்டும். பணம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து வந்துவிட்டு, "கடிதம் அப்புறம் கொடுத்துக்கலாம்" என்பது இரண்டு பேரையும் மாட்டிவிடும் வேலை. முன்பணம் கொடுத்தால் ரசீது, கடிதத்தில் அலுவலக முத்திரையோடு பெற்ற நகல், 45-ஆம் நாள் எது என்ற தேதி, மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். அவசரம் என்றால் டீலர் வழியாக மாற்றுங்கள். அவர் கமிஷன் எடுப்பார், ஆனால் பதிவேட்டு வேலை அவருடையது.

வாங்கியதும் துப்பாக்கியைக் காட்டி, தொடர் எண்ணை உரிமத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். எண்ணில் ஒரு இலக்கம் தவறாக ஏறினாலும் புதுப்பிக்கும்போது ஐந்து வருடம் கழித்துத் தலைவலி.

8. வாங்கிய பிறகு வரும் செலவும் அலைச்சலும்

பூட்டும் பெட்டி கட்டாயம் வாங்குங்கள். சுவரில் போல்ட் போட்டு இறுக்கியது, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. ஏர் துப்பாக்கிக்கும் இதே ஏற்பாடு போதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், கடலோர ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கைப்பம்பில் காற்று நிரப்புகிறவர்கள் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் நிரப்பினால், அந்த ஈரம் சிலிண்டருக்குள் தங்கி ரெகுலேட்டரை அரிக்கும்.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி சீசன் நடுவில் இது வந்தால் பயிற்சி நின்றுவிடும். சங்கத்தில் பதிவுள்ள விளையாட்டுக்காரருக்கு விலக்கு கேட்க வழி உண்டு. ஆனால் அறிவிப்பு வந்த வாரத்திலேயே சங்கக் கடிதமும் போட்டி அட்டவணையும் இணைத்து எழுத வேண்டும். ஒப்படைத்தால் ரசீதில் தொடர் எண்ணையும், கிரிப், சைட், மேகசின் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். சைட் இல்லாமல் திரும்பி வந்தால் யாரிடம் கேட்பது?

விமானத்தில் போட்டிக்குப் போகும்போது துப்பாக்கி கைப்பையில் வராது. வெற்றாக, பூட்டிய பெட்டியில், கவுன்ட்டரில் சொல்லி, செக்-இன் சாமானாகத்தான் போகும். ஏர் துப்பாக்கிக்கும் அதே விதிதான். காற்று சிலிண்டரை வீட்டிலேயே முழுவதும் காலி செய்து, துப்பாக்கியிலிருந்து கழற்றி, மேனோமீட்டர் பூஜ்யம் காட்டும்படி மேலாக வையுங்கள், கேட்டால் எடுத்துக் காட்டலாம். போய்ச் சேரும் ஊர் ரேஞ்சில் எந்த அடாப்டரில் காற்று நிரப்பித் தருகிறார்கள், 200 பாரா 300 பாரா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அடாப்டரைப் பையில் போடுங்கள்.